பில் வர இத்தனை நேரமா? பழி பிரிண்டர் மேல், குற்றவாளி 'ஹப்'!

சென்னையில் சாயங்காலம் 6 மணிக்கு மேல் எந்த கடைக்கு வேண்டுமானாலும் போய் பாருங்கள். தியாகராயநகர், புரசைவாக்கம், பாரிமுனை எல்லா இடத்திலும் ஒரே கதைதான். சாமான் எடுக்க 5 நிமிடம் ஆகிறது. பில் வாங்க 10 நிமிடம் ஆகிறது!

"சார், பிரிண்டர் ஸ்லோவா இருக்கு. கொஞ்சம் நில்லுங்க!"

இந்த வசனத்தை கேட்காத சென்னைவாசி உண்டா? ஜெராக்ஸ் கடையிலும் இதே பல்லவி. இ-சேவை மையத்திலும் இதே பல்லவி. ஆடிட்டர் ஆபீசில் கணக்கு தாக்கல் செய்ய கடைசி நாள் அன்று இதே பல்லவியை இன்னும் உச்ச ஸ்தாயியில் கேட்கலாம்.

கடைக்காரர் என்ன செய்கிறார்? மிஷினை தட்டுகிறார். ஆப் செய்கிறார். ஆன் செய்கிறார். பில் போடும் பையனை திட்டுகிறார். கடைசியில் "மிஷின் போச்சு" என்று முடிவு கட்டுகிறார். ரூ.10 ஆயிரமோ, 15 ஆயிரமோ கொடுத்து புது பிரிண்டர் வாங்கி வருகிறார். அதையும் பழைய டப்பாவிலேயே சொருகுகிறார்.

புது பிரிண்டரும் ஆமை வேகத்தில் நகர்கிறது!

கோளாறு பிரிண்டரில் இல்லை. பல இடங்களில் கோளாறு அந்த டப்பாவில்தான். இருநூறு, முந்நூறு ரூபாய்க்கு கிடைக்கும் அந்த டப்பாவின் பெயர் 'யு.எஸ்.பி. ஹப்'.

டப்பாவின் ஜாதகம்

கம்ப்யூட்டரில் பிரிண்டர், மவுஸ், கீ போர்டு, பென் டிரைவ் எல்லாவற்றையும் சொருக சின்ன செவ்வக ஓட்டைகள் இருக்கின்றன. அதுதான் யு.எஸ்.பி. போர்ட். லேப்டாப்பில் 2 அல்லது 3 இருக்கும். கடைக்கோ 7, 8 தேவைப்படுகிறது. பில் பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர், எடை மிஷின், விரல் ரேகை கருவி, கேமரா என்று பட்டியல் நீளுகிறது.

ஆகவே ஒரு ஹப் வாங்குகிறார்கள். 1 ஓட்டை 4 ஓட்டை ஆகிவிடுகிறது. சில ஹப்பில் 7 ஓட்டை, 10 ஓட்டை கூட உண்டு.

கரண்ட் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மாதிரிதானே என்று பலர் நினைக்கிறார்கள். அங்கேதான் தப்பு. ஓட்டைதான் பெருகுகிறதே தவிர, வேகம் பெருகுவது இல்லை. கரண்டும் பெருகுவது இல்லை. இரண்டையும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

பரோடாக்காரர்

இந்த யு.எஸ்.பி.யை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் நம் நாட்டுக்காரர். பெயர் அஜய் பட். பரோடாவில் பிறந்து, அங்கே உள்ள மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அமெரிக்காவில் இன்டெல் கம்பெனியில் என்ஜினீயராக இருந்தபோது இந்த யோசனையை கொண்டு வந்தார்.

அதற்கு முன்பு ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு விதமான சொருகி. பிரிண்டருக்கு 25 முனை கொண்ட அகல சொருகி. மவுசுக்கு உருண்டை சொருகி. மோடத்துக்கு வேறு ஒன்று. மாற்றி சொருகினால் கம்ப்யூட்டரை மறுபடி போட வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே சொருகி என்று 1996-ம் ஆண்டு யு.எஸ்.பி. வந்தது.

அப்போது அதன் உச்ச வேகம் 1 நொடிக்கு 1 கோடியே 20 லட்சம் 'பிட்'. 2000-ம் ஆண்டு 2.0 என்ற ரகம் வந்தது. வேகம் 48 கோடி பிட். ஒரே தாவலில் 40 மடங்கு! 2008-ம் ஆண்டு 3.0 வந்தது. வேகம் 500 கோடி பிட்.

பழைய ரகமும் புது ரகமும் ஒன்றோடு ஒன்று பொருந்தும். இது வசதி. இதுவே வம்பு! எங்கோ ஒரு மூலையில் பழைய ஹப் ஒன்று நடுவில் உட்கார்ந்து இருந்தால், அதற்கு பின்னால் இருக்கும் எல்லாமே பழைய வேகத்தில்தான் ஓடும். வெளியே பார்த்தால் தெரியாது. எல்லாம் வேலை செய்வது போலவே இருக்கும். மெதுவாக வேலை செய்யும். அவ்வளவுதான்.

40 நிமிடம் நஷ்டம்

எவ்வளவு மெதுவாக? கணக்கு போட்டு பார்ப்போம்.

ஒரு ஏ-4 தாளை கலரில், 300 புள்ளி அளவில் ஸ்கேன் செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் சுமார் 87 லட்சம் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 3 பைட். ஆக 2 கோடியே 61 லட்சம் பைட். (8 பிட் சேர்ந்தது 1 பைட்.)

பழைய ரகத்தில் நடைமுறையில் நொடிக்கு 10 லட்சம் பைட் போனால் பெரிது. ஒரு தாள் போய் சேர 26 நொடி! 2.0 ரகத்தில் நொடிக்கு 3 கோடி பைட் போகும். அதே தாள் 1 நொடிக்குள் போய்விடும். ஸ்கேனரின் விளக்கு நகரும் நேரம்தான் பாக்கி.

ஒரு வக்கீல் குமாஸ்தா 100 பக்க கட்டுடன் வருகிறார். பழைய ஹப் வழியாக ஸ்கேன் செய்தால் ஒயரில் மட்டும் 43 நிமிடம் ஓடிவிடும். கோர்ட்டு பியூன் அதுவரை கதவை திறந்து வைத்துக்கொண்டு இருப்பாரா?

பிரிண்டருக்கும் இதே கணக்குதான். கறுப்பு வெள்ளை என்றால் அவ்வளவு மோசம் இல்லை. கலர் போட்டோ என்றால் தொலைந்தது. பாதி பக்கம் அடித்துவிட்டு, அடுத்த வரிக்காக மிஷின் வாயை திறந்துகொண்டு நிற்கும். 'டக்... டக்... டக்' என்று விட்டு விட்டு அடித்தால், டேட்டா வரவில்லை என்று அர்த்தம்.

இதுவும் பஸ்தான்

யு.எஸ்.பி. என்பதில் கடைசி எழுத்து 'பஸ்'. நம்ம மாநகர பஸ் மாதிரியேதான் நடந்துகொள்கிறது.

இதில் ரிசர்வேஷன் உண்டு. கேமரா, மைக், ஸ்பீக்கர் ஆகியவை முன்கூட்டியே சீட்டு போட்டு வைக்கும் பிரயாணிகள். படமும் சத்தமும் நடுவில் நிற்கக்கூடாது அல்லவா? அதனால் அவைகளுக்கு முதல் உரிமை. மவுசும் கீ போர்டும் குழந்தைகள் மாதிரி. அவைகளுக்கும் ஓர் ஓரத்தில் நிச்சயமாக இடம் உண்டு. 2.0 ரகத்தில் மொத்த நேரத்தில் 80 சதவீதம் வரை இவர்கள் பிடித்து வைக்கலாம் என்று சட்டமே இருக்கிறது.

பிரிண்டர், ஸ்கேனர், பென் டிரைவ் எல்லாம் படிக்கட்டு பிரயாணிகள். மிச்சம் இருக்கும் இடத்தில் தொற்றிக்கொள்ள வேண்டும். கூட்டம் இல்லை என்றால் பஸ் முழுவதும் அவர்களுக்குத்தான். கூட்டம் இருந்தால் தொங்கல்தான்.

ஆகவே, ஒரே ஹப்பில் கேமராவும் பிரிண்டரும் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியது இல்லை. வீடியோவில் யாரோ பேசிக்கொண்டு இருப்பார். பிரிண்டர் பெருமூச்சு விட்டுக்கொண்டு இருக்கும். பென் டிரைவில் சினிமா காப்பி ஆகிக்கொண்டு இருந்தாலும் இதே கதிதான். (கடை கம்ப்யூட்டரில் சினிமா எதற்கு என்று முதலாளிகள் கேட்கலாம். கேட்டு பாருங்கள்!)

ஒரு விஷயத்தை தெளிவுபடுத்த வேண்டும். "மெதுவான மவுசை சொருகினால் ஹப் முழுவதும் மெதுவாகி விடும்" என்று கடை வீதியில் ஒரு பேச்சு உண்டு. 2.0 ஹப்பில் அப்படி ஆகாது. மெதுவான கருவிகளுக்காக அதன் உள்ளே தனியாக ஒரு 'மொழிபெயர்ப்பாளர்' இருக்கிறார். மெதுவான கருவியுடன் அவர் நிதானமாக பேசிக்கொண்டு இருப்பார். வேகமான கருவி தன் பாட்டுக்கு ஓடும்.

ஆனால் விலை மலிவான ஹப்பில் எல்லா ஓட்டைக்கும் சேர்த்து ஒரே ஒரு மொழிபெயர்ப்பாளர்தான். நல்ல ஹப்பில் ஓட்டைக்கு ஒருவர். பில் பிரிண்டர்களில் பல, பழைய வேகத்திலேயே ஓடும் ரகம். எடை மிஷினும், பார்கோடு ஸ்கேனரும் பெரும்பாலும் அப்படித்தான். மூன்றும் ஒரே மொழிபெயர்ப்பாளரிடம் மாட்டினால் இழுபறிதான்.

செல்போன் திருடன்

வேகத்தை விட பெரிய வம்பு கரண்ட்.

2.0 போர்ட் ஒன்று கொடுக்கக்கூடியது 5 வோல்ட், 500 மில்லி ஆம்பியர். அவ்வளவுதான் ரேஷன். 3.0 போர்ட் என்றால் 900. தனி அடாப்டர் இல்லாத ஹப்பை சொருகினால், அந்த 500-க்குள் ஹப்பும் பிழைக்க வேண்டும். அதில் சொருகிய 4 பேரும் பிழைக்க வேண்டும். விதிப்படி ஹப்புக்கு 100. மற்ற ஓட்டைகளுக்கு தலைக்கு 100.

ஒரு மளிகை கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். பில் பிரிண்டர் 2 நாளாக மக்கர். ரிப்பேர் செய்யும் பையன் வருகிறான்.

"தம்பி, இது நேரம் காலம் பார்த்து கழுத்தை அறுக்குது. பாதி பில் வருது. மீதி ஏதோ சீன எழுத்து மாதிரி வருது. புது மிஷின் வாங்கிடட்டுமா?"

"அவசரப்படாதீங்க அண்ணாச்சி. 'டொடிங்... டொடிங்'னு கம்ப்யூட்டர்ல சத்தம் வருதா?"

"ஆமா தம்பி. அது எப்பவும் வரும்."

"எப்பவும் வரக்கூடாது அண்ணாச்சி. இந்த ஒயர் எங்கே போகுது?"

ஒயரை பிடித்துக்கொண்டே போனால் அரிசி மூட்டைக்கு பின்னால் கடை பையனின் செல்போன். ஹப்பில் சார்ஜ் ஏறிக்கொண்டு இருக்கிறது!

குற்றவாளி அகப்பட்டான். செல்போன் ஒன்றே 500 மில்லி ஆம்பியரை விழுங்கிவிடும். வோல்ட் இறங்குகிறது. ஹப் ஒரு கணம் மயங்கி விழுந்து மறுபடி எழுந்திருக்கிறது. அந்த 'டொடிங்' சத்தம் அதுதான். பிரிண்டருக்கு சொந்த கரண்ட் இருந்தும் பிரயோஜனம் இல்லை. அதனுடன் பேசிக்கொண்டு இருந்த ஹப் நடுவில் மயங்கி விட்டதே! பாதி டேட்டா போனதும் தொடர்பு அறுந்து, மீதி டேட்டா தலையும் வாலும் தெரியாமல் போய் சேர்ந்தால் பிரிண்டர் அதை எழுத்து என்று நினைத்து கண்டபடி அடிக்கிறது. அண்ணாச்சி சொன்ன 'சீன எழுத்து' அதுதான்.

செல்போன் மட்டும் அல்ல. சின்ன மின்விசிறி, மேஜை விளக்கு, காப்பி கப்பை சூடாக்கும் தட்டு இதை எல்லாம் ஹப்பில் சொருகி வைக்கிறார்கள். பிரிண்டரும், விரல் ரேகை கருவியும், டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் பட்டினி கிடக்கின்றன. விரலை 10 தடவை வைத்தும் ரேகை ஏறவில்லை என்றால், தாத்தாவின் விரல் தேய்ந்துவிட்டது என்று மட்டும் நினைக்காதீர்கள். ஹப்பையும் பாருங்கள்.

10 நிமிட பரீட்சை

மெக்கானிக்கை கூப்பிடும் முன்பு நீங்களே பார்க்கலாம். காசு செலவு கிடையாது.

ஹப்பில் இருந்து பிரிண்டர் ஒயரை பிடுங்குங்கள். கம்ப்யூட்டரின் பின்பக்கம் உள்ள போர்ட்டில் நேராக சொருகுங்கள். முன்பக்கம் வேண்டாம். முன்பக்க போர்ட், பெட்டிக்குள் மெல்லிய ஒயர் வழியாக வருகிறது. பின்பக்க போர்ட் மதர் போர்டிலேயே இருக்கிறது.

முன்பு அடித்த அதே பக்கத்தை அடியுங்கள். கடிகாரம் பார்த்து நேரம் குறித்துக்கொள்ளுங்கள்.

வேகமாக வந்துவிட்டதா? பிரிண்டர் அப்பாவி. ஹப்தான் ஆசாமி.

அப்போதும் மெதுவாக வருகிறதா? ஒயரை மாற்றி பாருங்கள். 2.0 ஒயர் 5 மீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. கவுண்ட்டரில் கம்ப்யூட்டர், மாடியில் பிரிண்டர் என்று 2 ஒயரை ஒட்டு போட்டு இழுத்து இருந்தால் அதை முதலில் கழற்றுங்கள். அவ்வளவு தூரம் வேண்டும் என்றால் 'லேன்' ஒயர் அல்லது 'வை-பை' உள்ள பிரிண்டர்தான் சரி.

ஒயரும் சரி, நேர் போர்ட்டும் சரி, அப்படியும் மெதுவா? செட்டிங்சை பாருங்கள். யாராவது 'பெஸ்ட்' குவாலிட்டியில் வைத்துவிட்டு போய் இருப்பார்கள். பி.டி.எப்.பை படமாக அடிக்கும் 'பிரிண்ட் ஆஸ் இமேஜ்' டிக் ஆகி இருக்கும். அவை ஹப்பின் குற்றம் அல்ல.

பரீட்சையில் ஹப் மாட்டிக்கொண்டால் அடுத்த கட்டம். ஹப்பில் இருப்பது எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பிரிண்டரை மட்டும் சொருகி அடித்து பாருங்கள். பிறகு ஒவ்வொன்றாக சேருங்கள். எதை சேர்த்ததும் மந்தமாகிறதோ, அதுதான் வில்லன். திருடனை பிடிக்க போலீசார் வரிசையாக நிறுத்தி அடையாளம் காட்ட சொல்வார்களே, அந்த மாதிரி.

விண்டோசில் 'டிவைஸ் மேனேஜர்' என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே 'வியூ' என்பதில் 'டிவைசஸ் பை கனெக்ஷன்' என்பதை அழுத்துங்கள். எந்த கருவி எந்த ஹப்புக்கு கீழே தொங்குகிறது என்று மரம் மாதிரி தெரியும். ஹப்புக்குள் ஹப், அதற்குள் ஹப் என்று குடும்பம் பெருகி இருந்தால் அங்கே வெட்டவெளிச்சம் ஆகிவிடும். சட்டப்படி 127 கருவி வரை சேர்க்கலாம், 5 ஹப் வரை சங்கிலி போடலாம். சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக செய்ய வேண்டும் என்று இல்லை.

தமிழ் பில் ரகசியம்

இன்னொரு ரகசியம் உண்டு. தமிழில் பில் போடும் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டும்.

சிறிய பில் பிரிண்டர்கள் பலவற்றில் தமிழ் எழுத்து உள்ளே கிடையாது. இங்கிலீஷ் எழுத்து இருக்கிறது. இங்கிலீஷ் பில் என்றால் கம்ப்யூட்டர் வெறும் எழுத்தை அனுப்பும். 40 வரி பில்லுக்கு 2 ஆயிரம் பைட் கூட வராது. தமிழ் பில் என்றால் முழு பில்லையும் படமாக வரைந்து அனுப்ப வேண்டும். 80 மில்லி மீட்டர் காகிதத்தில் ஒரு வரிசைக்கு 576 புள்ளி, அதாவது 72 பைட். 20 சென்டி மீட்டர் நீள பில் என்றால் 1,600 வரிசை. மொத்தம் 1 லட்சத்து 15 ஆயிரத்து 200 பைட்.

நேர் யு.எஸ்.பி.யில் இது ஒரு பொருட்டே அல்ல. கண் இமைக்கும் நேரம்.

ஆனால் பழைய பில் சாப்ட்வேர் சில, 'காம் போர்ட்' வழியாகத்தான் பேசும். அதற்காக யு.எஸ்.பி.யில் ஒரு மாற்றி ஒயரை போட்டு இருப்பார்கள். அதன் வேகம் 9,600 என்று வைக்கப்பட்டு இருந்தால் நொடிக்கு 960 பைட்தான் போகும். இங்கிலீஷ் பில் 2 நொடியில் வந்துவிடும். தமிழ் பில் வர 2 நிமிடம்!

தமிழுக்கு வந்த சோதனை என்று வருத்தப்பட வேண்டாம். அந்த வேகத்தை 1,15,200 என்று மாற்றினால் 10 நொடியில் வந்துவிடும். கம்ப்யூட்டரிலும் மாற்ற வேண்டும், பிரிண்டரிலும் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் குப்பை குப்பையாக அடிக்கும். மேலே கடை சின்னம் பெரிதாக படம் போட்டு இருந்தால் அதை சுருக்குங்கள். சாமி படத்தை பில்லில் போடுகிறவர்கள், அதை கல்லாவுக்கு மேலே மாட்டிக்கொள்ளலாம்.

'காப்பி 1' கலாட்டா

"நேத்து வரைக்கும் வந்துச்சு. இன்னைக்கு ஆப்லைன்னு காட்டுது!"

இது கிளார்க்குகள் அடிக்கடி சொல்வது. நடந்தது இதுதான்: கூட்டி பெருக்கும்போது ஒயர் கழன்று இருக்கும். யாரோ வேறு ஓட்டையில் சொருகி இருப்பார்கள். சில பிரிண்டர்களை விண்டோஸ் இது வேறு பிரிண்டர் என்று நினைத்து, அதே பெயரில் 'காப்பி 1' என்று புதிதாக ஒன்றை சேர்த்துவிடும். நீங்கள் கொடுக்கும் பிரிண்ட் எல்லாம் பழைய பெயருக்கு போய் வரிசையில் நிற்கும். அங்கே யாரும் இல்லை!

பழைய ஓட்டையிலேயே சொருகினால் சரியாகிவிடும். ஓட்டைக்கு பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி 'பிரிண்டர்' என்று பேனாவில் எழுதி வையுங்கள். 1 ரூபாய் வைத்தியம்.

வரிசையில் நின்ற பிரிண்ட் அழியாமல் அடம் பிடித்தால் 'சர்வீசஸ்' பகுதியில் 'பிரிண்ட் ஸ்பூலர்' என்பதை நிறுத்துங்கள். சிஸ்டம்32-க்குள் 'ஸ்பூல்', அதற்குள் 'பிரிண்டர்ஸ்' என்ற போல்டர் இருக்கும். அதற்குள் இருக்கும் பைல்களை மட்டும் அழியுங்கள். மறுபடி ஸ்பூலரை ஓடவிடுங்கள். போல்டரையே அழித்துவிட வேண்டாம்!

இன்னொன்று தூக்க வியாதி. சிறிது நேரம் வேலை இல்லை என்றால் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க விண்டோஸ் ஹப்பை தூங்க வைத்துவிடும். வாடிக்கையாளர் வந்து பில் கேட்கும்போது எழுப்ப வேண்டும். சில ஹப் எழுந்திருக்காது. டிவைஸ் மேனேஜரில் 'யு.எஸ்.பி. ரூட் ஹப்' என்பதை திறந்து, 'பவர் மேனேஜ்மெண்ட்' பகுதியில் உள்ள டிக்கை எடுத்துவிட்டால் தூக்கம் போய்விடும். லேப்டாப் என்றால் பாட்டரி கொஞ்சம் குறையும்.

மவுஸ் குதிக்கிறதா?

பிரிண்டரை சரி செய்ய 3.0 ஹப் வாங்கினேன், இப்போது ஒயர் இல்லாத மவுஸ் குதிக்கிறது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கட்டுக்கதை அல்ல. 3.0 ஒயரில் டேட்டா பாயும்போது, ஒயர் இல்லாத மவுஸ் பேசும் அதே ரேடியோ அலைவரிசையில் இரைச்சல் கிளம்புகிறது. 2012-ம் ஆண்டே இன்டெல் கம்பெனி இதை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டு இருக்கிறது.

மவுசின் சின்ன டாங்கிளை ஹப்பில் இருந்து எடுத்து, ஒரு சாண் நீள எக்ஸ்டென்ஷன் ஒயரில் தள்ளி வையுங்கள். சரியாகிவிடும்.

3.0 ஹப் வாங்கினால் 2.0 பிரிண்டர் வேகமாகிவிடும் என்று நினைப்பதும் வீண் ஆசை. 3.0 ஹப்புக்குள் 2.0 கருவிகளுக்கு தனி பாதை இருக்கிறது. அவைகள் அந்த பழைய பாதையில்தான் போகும். எக்ஸ்பிரஸ் பாதை பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக பாசஞ்சர் ரெயில் பறக்குமா?

யாருக்கு எந்த இடம்?

கம்ப்யூட்டரின் பின்பக்க போர்ட்டுகளை பிரிண்டர், ஸ்கேனர், கேமரா, வெளியே வைக்கும் ஹார்டு டிஸ்க் ஆகியவற்றுக்கு கொடுங்கள். மவுஸ், கீ போர்டு, பார்கோடு ஸ்கேனர், சாப்ட்வேர் டாங்கிள் எல்லாம் ஹப்பில் இருக்கட்டும். செல்போனுக்கு சுவரில் சார்ஜர்.

ஹப் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், சொந்த அடாப்டர் உள்ளதாக வாங்குங்கள். ரிச்சி தெருவில் கடை கடையாக தொங்குகிறது. "அடாப்டர் போட்டதா?" என்று கேளுங்கள். "அடாப்டர் எத்தனை ஆம்பியர்?" என்றும் கேளுங்கள். 4 ஓட்டைக்கு தலைக்கு 500 மில்லி என்றால் 2 ஆம்பியர் வேண்டும். 7 ஓட்டைக்கு மூன்றரை. 7 ஓட்டை ஹப்புடன் 1 ஆம்பியர் அடாப்டர் கொடுத்தால் திருப்பி கொடுத்துவிடுங்கள்.

ஜாக்கிரதை! வீட்டில் கிடக்கும் 12 வோல்ட் மோடம் அடாப்டரின் முனை, 5 வோல்ட் ஹப்பில் பொருந்திவிடலாம். பொருந்துகிறதே என்று சொருகினால் ஹப் புகைந்துவிடும். அதோடு சேர்த்து மற்ற கருவிகளும் போகலாம். அடாப்டர் முதுகில் பொடி எழுத்தில் வோல்ட் போட்டு இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

5 மணி கெடு

இவ்வளவும் நிதானமாக ஞாயிற்றுக்கிழமை செய்ய வேண்டிய வேலை. விண்ணப்பம் கொடுக்க இன்று சாயங்காலம் 5 மணி கடைசி என்று ஒரு பெண் இ-சேவை மையத்தில் கண் கலங்க நிற்கும்போது ஹப்பை கழற்றி மாட்டிக்கொண்டு இருக்க முடியாது.

அந்த நேரத்தில் பிரிண்டரை மறந்துவிடுங்கள். விண்ணப்பத்தை 'சேவ் ஆஸ் பி.டி.எப்.' என்று கம்ப்யூட்டரிலேயே சேமித்து, பென் டிரைவில் போட்டோ, செல்போனுக்கு அனுப்பியோ அந்த பெண்ணின் கையில் கொடுங்கள். அடுத்த தெரு ஜெராக்ஸ் கடையில் 2 நிமிடத்தில் அடித்துவிடுவார்கள். பக்கத்துக்கு 10 ரூபாய் கேட்டாலும் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு ஓடம்மா என்று சொல்லுங்கள். ஹப்பை நாளைக்கு பார்த்துக்கொள்ளலாம்.